ஆள் அறிந்து பணி ஒப்புவித்தல்

திறமைசாலிகளை ஒருங்கு திரட்டிவிட்டால் வெற்றி தானே வந்தெய்தும் என்று எண்ணுவார் பலர். அஃது அரை உண்மையேயாகும். நெல்லைக் குற்ற உலக்கை வேண்டும். கிழிசலைத் தைக்க ஊசி வேண்டும். இரண்டையும் இடம் மாற்றிவிட்டு, உலக்கையையும் ஊசியையும் நொந்துகொள்வதிற் பயன் யாது? வள்ளுவர் பெருமான் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தை அடுத்தே ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரத்தை வைத்தார். ஆளை அறிவது முன்னர்; பணியை ஒப்புவிப்பது பின்னர் என்னும் முறைமை அதனாற் புலனாகும்.

இதற்கு நம் நாட்டிலேயே கண்கூடான சான்று ஒன்றுண்டு. 1996ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்ற இலங்கைக் கிரிக்கெட் அணியையே குறிப்பிடுகின்றேன். அக்காலத்து விதிப்படி முதற் பதினைந்து ஓவர்களில் உள்வட்டத்துக்கு அப்பால் இருவர் மட்டுமே களத்தடுப்பில் நிற்கலாம். எனினும், தொடக்கத்தில் விக்கட்டுகளைக் காத்து நிதானமாக ஆடுவதே பொது வழக்கமாயிருந்தது. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்கவும் பயிற்சியாளர் டேவ் வட்மோரும் அவ்விதியிலே ஒரு வாய்ப்பைக் கண்டனர். அவ்வாய்ப்புக்கு ஏற்ற ஆட்கள் யாவர் என்று ஆராய்ந்தனர்.

சனத் ஜயசூரிய தொடக்கத்திற் பந்து வீச்சாளராகவே பெரிதும் கருதப்பட்டுப் பின்வரிசையில் ஆடியவர். ரொமேஷ் களுவிதாரண உருவிற் சிறிய விக்கட் காப்பாளர். அஞ்சாது அடித்தாடும் இயல்பு இருவர்க்கும் பொதுவாயிருந்தது. நிதானமாக ஆடும் ஒருவரிடத்து இவ்வியல்பு குற்றமெனப்படும்; முதற் பதினைந்து ஓவர்களிலோ அதுவே குணமாயிற்று. எனவே, இருவரும் ஆரம்பத் துடுப்பாட்டக்காரராயினர். அவர்களை அடுத்து, நிலைத்து நின்று ஆடும் அசங்க குருசிங்க. அவரை அடுத்துக் கலைநயமும் உறுதியும் ஒருங்கே வாய்ந்த அரவிந்த டி சில்வா. ஒருவர் தவறினும் மற்றவர் தாங்கும் வண்ணம் அவ்வரிசை அமைந்திருந்தது.

இவ்வேற்பாடு சோதனைக்குள்ளாகாமல் இல்லை. கல்கத்தாவில் நடந்த அரையிறுதி ஆட்டத்தில் ஆரம்ப வீரர் இருவரும் முதல் ஓவரிலேயே ஆட்டமிழந்தனர். அரவிந்த 66 ஓட்டங்கள் எடுத்து அணியைத் தூக்கி நிறுத்தினார். துடுப்பாட்டத்தில் ஓர் ஓட்டமே எடுத்த ஜயசூரிய, பின்னர் 12 ஓட்டங்களை மட்டும் கொடுத்து மூன்று விக்கட்டுகளை வீழ்த்தினார். ஒரு துறையிற் சறுக்கியவரை ஒதுக்காது, அவரது மற்றொரு வன்மையைத் தக்க வேளையிற் பயன்கொண்டமை தலைவரின் நுண்ணறிவன்றோ!

மார்ச் 17ஆம் திகதி லாகூரில் இறுதியாட்டம். அதற்கு முன்னர் நடந்த ஐந்து இறுதியாட்டங்களிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருந்தது. அங்ஙனமிருந்தும், நாணயச் சுழற்சியில் வென்ற ரணதுங்க, தம் அணி இலக்கைத் துரத்துவதில் வல்லது என்பதை அறிந்து, அவுஸ்திரேலியாவை முதலில் ஆடவிட்டார். அவ்வணி 241 ஓட்டங்கள் எடுத்தது. இலங்கை 23 ஓட்டங்களுக்கு இரு விக்கட்டுகளை இழந்தது. மீண்டும் ஆரம்ப வீரர் இருவரும் வீழ்ந்தனர். குருசிங்க 65 ஓட்டங்கள் எடுத்தார். அரவிந்த ஆட்டமிழக்காது 107 எடுத்தார். ரணதுங்க இறுதிவரை துணைநின்று 47 எடுத்தார். ஏழு விக்கட்டுகளால் வெற்றி கிட்டியது.

களுவிதாரண அத்தொடர் முழுவதிலும் ஓர் அரைச்சதந்தானும் அடித்தாரல்லர். எனினும், அவரது இடம் பறிக்கப்படவில்லை. துணிந்து ஆடுக என்று ஏவிவிட்டு, துணிவின் விளைவாகிய தோல்விக்குத் தண்டிப்பது நேர்மையாகாது. முத்தையா முரளிதரன் 1995 டிசம்பர் 26இல் மெல்பேணில் பந்தை எறிகின்றார் என்று குற்றஞ்சாட்டப்பட்டபோதும், தலைவர் அவரைக் கைவிட்டாரில்லை. அவரே 2010இல் 800 டெஸ்ட் விக்கட்டுகளுடன் ஓய்வு பெற்றார். பணியை ஒப்புவிப்பதோடு தலைவனின் கடமை முடிவதில்லை. பழி வருங்கால் உடன் நிற்பதும் அதன் பாற்பட்டதே.

நம் வீடுகளிலும் சங்கங்களிலும் நிகழ்வது யாது? மூத்தவன் என்பதனால் ஒருவனிடம் கணக்கை ஒப்புவிக்கின்றோம். உரக்கப் பேசுபவனைத் தலைவனாக்குகின்றோம். அமைதியானவளை அடுக்களைக்கு அனுப்புகின்றோம். பின்னர் காரியம் கெட்டால், “இவன் எதற்கும் உதவான்” என்று தீர்ப்புக் கூறுகின்றோம். அத்தீர்ப்பை ஓர் இளம் உள்ளம் மெய்யென்று நம்பிவிட்டால், அதன்பின் அதனை மீட்டெடுத்தல் எளிதன்று. ஆதலால், பெற்றோரே, ஆசிரியரே, ஒருவரைப் பயனற்றவர் என்று தள்ளுமுன், அவருக்கு நாம் அளித்த இடம் பொருத்தமானதா என்பதை ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.