இலங்கைப் போரின் வேர்

இலங்கைப் போரைப் பற்றி ராணிப்பேட்டை மாவட்டத்து நெமிலிப் பக்கம் பேச்செடுத்தால், "சிங்களவனுக்கும் தமிழனுக்கும் ராஜா காலத்துப் பகை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் வேலூர் பாலாற்றங்கரையில் இருக்கும் முத்துமண்டபத்தை ஒருமுறை பார்த்துவர வேண்டும். அங்கே அடங்கியிருப்பவர் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டு, 1832-இல் இந்த மண்ணிலேயே இறந்தார். தென்னிந்திய நாயக்கர் வழிவந்த அவர்தான் சிங்கள மக்களின் அரசர், பௌத்தத்தின் காவலர். பரம்பரைப் பகை என்ற கதைக்கு இந்தச் சமாதியே மறுப்பு.

போரை விதைத்தது சுதந்திரத்தை ஒட்டி வந்த வாக்கு அரசியல். 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கும் இடதுசாரிகளுக்கும் போயின. ஆளும் ஐக்கிய தேசியக் கட்சிக்கு அச்சம் வந்தது. 1948-இல் ஒரு குடியுரிமைச் சட்டம், மறு ஆண்டில் வாக்குரிமைச் சட்டம். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து போய்த் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். இதை எதிர்த்த தமிழ்த் தலைவர் செல்வநாயகம் 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அவர் கேட்டது கூட்டாட்சி; தனிநாடு இல்லை.

அடுத்து மொழி. 1956-இல் பிரதமர் பண்டாரநாயக்கா சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் படித்து அரசு வேலையை நம்பியிருந்த யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பங்களின் கதவு அடைபட்டது. கொழும்பு காலிமுகத் திடலில் அறவழியில் அமர்ந்த தமிழ்த் தலைவர்கள் அடிபட்டார்கள். தவறு பண்டாரநாயக்காவுக்கும் புரிந்திருக்க வேண்டும். 1957-இல் செல்வநாயகத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். எதிர்க்கட்சியாகிவிட்ட ஐக்கிய தேசியக் கட்சியின் ஜெயவர்த்தனா அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைபயணம் கிளம்பினார். பிக்குகள் பிரதமர் வீட்டு முன் அமர்ந்தார்கள். 1958-இல் ஒப்பந்தம் கிழிந்தது, கலவரம் வெடித்தது. 1965-இல் ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்காவோடு செய்த ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. சிங்களப் பெரும்பான்மையின் வாக்குக்காக ஐக்கிய தேசியக் கட்சியும் பண்டாரநாயக்காவின் கட்சியும் போட்டியிட்டபோது, தமிழருக்கு எதைக் கொடுத்தாலும் அது மற்றக் கட்சிக்கு ஆயுதமாகிவிட்டது. என் கணிப்பில் எல்லாவற்றுக்கும் மூல காரணம் இதுதான்.

1970-களில் இளைஞர்களைக் கொதிக்கவைத்தது தரப்படுத்தல். பல்கலைக்கழகத்தில் இடம்பெறத் தமிழ் மாணவர்கள் சிங்கள மாணவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்க வேண்டியிருந்தது. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதலிடம் தந்தது. கிழக்கில் அரசின் குடியேற்றத் திட்டங்களால் திருகோணமலையில் 1981-க்குள் மூன்றில் ஒரு பங்கு சிங்களவர். பெரியவர்களின் சத்தியாக்கிரகத்தில் இளைஞர்களுக்கு நம்பிக்கை போயிற்று. 1976-இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் ஆயுதமேந்திய விடுதலைப் புலிகள் 13 படைவீரர்களைக் கொன்றதும், கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர் வேட்டையாடப்பட்டார்கள். அங்கிருந்து 2009 மே வரை போர்.

புலிகள் பிற தமிழ் இயக்கங்களை அழித்ததும், 1990-இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியதும் தமிழர் தரப்பின் பெருந்தவறுகள். அவற்றை மறைத்துப் பேசுவது நியாயம் ஆகாது. ஆனால் அவை போரைத் தொடங்கிவைத்த காரணங்கள் அல்ல.

அந்தப் போரில் தப்பி வந்தவர்கள் வேலூரை ஒட்டிய மேல்மொணவூரில் இன்னும் வாழ்கிறார்கள். 2021-இல் அங்கே தமிழ்நாடு அரசு புது வீடுகள் கட்டும் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் அண்டை நாடுகள் சிலவற்றின் அகதிகளுக்குக் குடியுரிமை தரும் இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களில் 1948-இல் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழரின் வாரிசுகளும் உண்டு. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து வளர்ந்த அந்தப் பிள்ளைகளுக்காவது இந்திய அரசு குடியுரிமை தர வேண்டும்.