நம் ஊர் வரலாறும் நம் பிள்ளைகளும்



"நீங்க எந்த ஊர்ல இருந்து இங்க வந்தவங்க?" என்று பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வாய் என்று உங்கள் பிள்ளையிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். பலரும் தயங்குவார்கள். வீட்டில் தமிழ் பேசுகிற ராவுத்தர் குடும்பமானாலும் சரி, உருது பேசுகிற குடும்பமானாலும் சரி, தலைமுறை தலைமுறையாக இதே அமராவதித் தண்ணீரைக் குடித்தவர்கள்தானே நாம் என்று சொல்லத் தெரியாது. தவறு பிள்ளைகளுடையது அல்ல. நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

சொல்வதற்கு நிறைய இருக்கிறது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் தாராபுரம் கோட்டை உள்ள ஊர். 1783இல் கர்னல் ஃபுல்லர்டன் இதைப் பிடித்தார். 1792இல் கோட்டை இடிக்கப்பட்டது. 1799இல் திப்பு ஷஹீதான பிறகு கும்பினியார் கோவை நாட்டை இரண்டாகப் பிரித்து, தென்பகுதிக்குத் தாராபுரத்தைத் தலைமையிடமாக வைத்தார்கள். 1804 வரை அப்படியே இருந்தது.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டியது. 1800 ஜூன் 3ஆம் தேதி கோவைக் கோட்டையைத் தாக்கப் புரட்சியாளர்கள் திட்டமிட்டார்கள். அது ஹிஜ்ரி 1215 முஹர்ரம் பத்தாம் நாளையொட்டியது. கோட்டைச் சிப்பாய்களின் கவனம் அன்று வேறு பக்கம் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் விஷயம் முன்பே வெளிப்பட்டுவிட்டது. பிடிபட்டவர்களில் 42 பேருக்குத் தூக்கு. தண்டனை நிறைவேறிய ஊர்களில் தாராபுரமும் ஒன்று. முஸ்லிம்களும் கவுண்டர்களும் சேர்ந்து நின்ற போராட்டம் இது. காங்கயம் பக்கத்து தீரன் சின்னமலையும் திப்புவின் பக்கம் நின்று போரிட்டவர்தான். 1805இல் சங்ககிரியில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஆடிப் பதினெட்டன்று ஓடாநிலையில் அவருக்கு நடக்கும் விழாவை நம் பிள்ளைகள் யாரோ ஒருவருடைய விழா என்று தள்ளி நின்று பார்க்க வேண்டியதில்லை.

இது பெருமை பேசுவதற்காக மட்டும் அல்ல. பள்ளிவாசல், மையவாடி, தர்கா நிலங்கள் பலவும் பழைய இனாம்கள். 1858க்குப் பிறகு இனாம் கமிஷன் விசாரித்துப் பட்டயம் கொடுத்தது. அந்தப் பதிவேடுகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1954ஆம் ஆண்டு வக்ஃப் சட்டத்திற்குப் பிறகு சர்வே செய்து அரசிதழில் பட்டியல் வெளியிட்டார்கள். ஒரு நிலத்துக்குத் தகராறு வரும்போது, இந்தக் காகிதம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர் ஜமாஅத்தில் ஒருவராவது இருக்க வேண்டாமா? பெரும்பாலும் ஒரு பெரியவரின் ஞாபகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் மௌத்தானால் அதோடு போயிற்று.

பத்திரம் தேடுபவர்கள் இதையும் கவனியுங்கள்: தாராபுரம் 1979 வரை கோவை மாவட்டம், பிறகு பெரியார் (பின்னாளில் ஈரோடு) மாவட்டம், 2009 முதல் திருப்பூர் மாவட்டம். அத்தாவின் பத்திரத்தில் கோயம்புத்தூர் ஜில்லா என்று இருந்தால் பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

கற்றுக்கொடுக்கப் பெரிய ஏற்பாடு வேண்டாம். மதரஸா முடிந்தபின் வாரம் அரை மணி நேரம் போதும். தேதிகளை மனப்பாடம் செய்யச் சொன்னால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். அதற்குப் பதில் ஆளுக்கு ஐந்து கேள்வி எழுதிக்கொண்டு தெருவில் உள்ள மூத்தவர்களிடம் போகட்டும். சந்தைக்கு என்ன கொண்டுபோய் விற்றீர்கள்? ஆற்றில் வெள்ளம் வந்தபோது யார் வீட்டில் தங்கினீர்கள்? பெண்களிடமும் கேட்கச் சொல்லுங்கள். யாருக்கு யார் உறவு, எந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். அக்கம்பக்கத்து இந்து, கிறிஸ்தவப் பெரியவர்களையும் விட்டுவிடக் கூடாது. நம் வீட்டுக் கதையில் பாதி அவர்களிடம் இருக்கும்.

கேட்டதை ஒரு நோட்டில் பேர், தேதி போட்டு எழுத வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தால் இரண்டையும் எழுதட்டும். வீட்டில் பழைய பத்திரம், வரி ரசீது, நிக்காஹ் பதிவு இருந்தால் கைபேசியில் படம் எடுத்து நகலை மட்டும் கொடுங்கள். அசல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.