வாலெலும்பு வலி

பிம்ப்ரியில் மழைக்காலம் தொடங்கியதும் குடியிருப்புகளின் படிக்கட்டுகள் வழுக்கத் தொடங்கும். வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுபவரின் எடை முழுவதும் முதுகெலும்பின் கடைசி நுனியில் மோதும். அந்நுனியே வாலெலும்பு. பெரும்பாலோருக்கு அது நான்கு சிறு எலும்புகளால் ஆனது. மராத்தியர் இதனை ‘மாக்கட்ஹாட்’, அதாவது குரங்கெலும்பு என்பர். கிரேக்கரோ, குயிலினப் பறவையின் அலகுபோல் வளைந்திருப்பதால் அப்பறவையின் பெயரையே இதற்கு இட்டனர். மருத்துவர் கூறும் ‘காக்சிக்ஸ்’ என்னும் சொல் அதிலிருந்து வந்ததே.

விழுவதால் மட்டுமன்றி, கடினமான இருக்கையில் நெடுநேரம் அமர்வதாலும் மகப்பேற்றின்போதும் இவ்வெலும்பு நோவதுண்டு. ஆண்களைவிடப் பெண்களிடம் இவ்வலி மிகுதி. சாய்ந்து உட்கார்ந்தால் வலி கூடும். சற்று முன்குனிந்தால் குறையும். எழும் கணத்தில் சுரீரெனத் தைக்கும்.

இவ்வலியைக் கண்டறிவதற்கு முதல் தடை கூச்சமே. இடத்தைச் சொல்ல வெட்கப்பட்டு ‘இடுப்பு வலி’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், மருத்துவரின் கவனம் வேறிடத்துக்குச் சென்றுவிடும். வீட்டில் ‘வாலெலும்பு’ என்றும் பிம்ப்ரி மருத்துவரிடம் ‘மாக்கட்ஹாட்’ என்றும் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இத்தொல்லை இல்லை. சொல்லில் வெட்கப்பட ஒன்றுமில்லை; முழங்கையைப் போல இதுவும் ஓர் உடற்பகுதியின் பெயர்தான்.

மருத்துவர் அவ்விடத்தை மெல்ல அழுத்திப் பார்ப்பார். தேவையானால் எக்ஸ்ரே எடுக்கப்படும். படுத்த நிலையில் எடுத்த படத்தில் குறை தெரியாமற் போகலாம். நின்றும் உட்கார்ந்தும் எடுத்த படங்களை ஒப்பிட்டால் எலும்பு இயல்பை மீறி அசைவது புலப்படும்.

பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி தானே தணியும். பின்புறம் வெட்டு விடப்பட்ட சாய்வு மெத்தையில் அமர்ந்தால் எலும்பின் மீது எடை விழாது. முதல் ஓரிரு நாள் துணியில் சுற்றிய பனிக்கட்டியும், பின்னர் வெந்நீர் ஒத்தடமும் இதம் தரும். மலச்சிக்கல் இருந்தால் முக்கும்போது வலி மிகும். ஆகையால் கீரையும் பழமும் தண்ணீரும் இங்கு மருந்துக்கு ஒப்பானவை. நெடுநாள் தணியாத வலிக்கு ஊசி மருந்து உண்டு. அறுவைச் சிகிச்சை மிக அரிது.

அவ்விடத்தில் வீக்கமும் சீழும் காய்ச்சலும் கண்டால், அது எலும்பு வலியாக இல்லாமல் தோலடிக் கட்டியாக இருக்கலாம். கால் மரத்தாலோ சிறுநீரை அடக்க முடியாமற் போனாலோ ஒரு நாளும் காத்திருக்கலாகாது. பிம்ப்ரியில் சந்த் துக்காராம் நகரிலுள்ள மாநகராட்சியின் யஷ்வந்த்ராவ் சவாண் நினைவு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.