பூவா, கிளியா, சீட்டா? ‘ஆமா – இல்லை’ அதிசயங்கள் தெரியுமா?

“இந்தச் சம்பந்தத்தை முடிக்கலாமா? போர் போட்டால் தண்ணி வருமா? ஒரே வார்த்தையில சொல்லு!” இப்படிக் கேட்டால் டாரட் பார்ப்பவர் ஒரு சீட்டை உருவுவார். நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம்?

பொட்டலத்துக்குள் பதில் இருக்கும், தெரியுமா?
அதுதான் பூ கட்டிப் பார்ப்பது! வெள்ளைப் பூ ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டையும் ஒரே அளவில் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டுக் குலுக்குவார்கள். கூட்டத்தில் விவரம் தெரியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு, “ஒண்ணு எடு கண்ணு!” என்பார்கள். பிரிக்கும்வரை யாரும் மூச்சு விடமாட்டார்கள்! இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. ‘வெள்ளை வந்தால் முடிப்போம்’ என்று குழந்தை கை வைக்கும் முன்பே சத்தமாகச் சொல்லிவிட வேண்டும்.


 

சங்க காலத்திலும் இப்படிக் குறி கேட்டார்கள், தெரியுமா?
பெயர் ‘விரிச்சி’! தற்செயலாகக் காதில் விழும் பேச்சுதான் பதில். போருக்குப் போனவன் திரும்புவானா? முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் ஊருக்கு வெளியே போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கும்பிட்டுக் காது கொடுக்கிறார்கள். தாய்ப்பசுவைக் காணாமல் தவிக்கும் கன்றை ஓர் இடைச்சிறுமி தேற்றுகிறாள்: அம்மா இதோ வந்துவிடுவாள் என்று. தலைவனும் வருவான்! கேட்டதற்கு ‘ஆமா’ கிடைத்துவிட்டது!

தேங்காய் எழுந்து நிற்கும், தெரியுமா?
வானம் பார்த்த பூமியில் போர் போடும் முன், நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடப்பார். நிமிர்ந்தால் தண்ணீர்! படுத்தே கிடந்தால் இல்லை! இதற்கெல்லாம் காரணம்? நினைப்பு, நமக்கே தெரியாமல் தசையை அசைக்கும் என்று 1852-லேயே விளக்கினார் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கார்ப்பென்டர்.

கிளி ஜோசியர் வனத்துறையிடம் சிக்கினார், தெரியுமா?
2024 மக்களவைத் தேர்தல். பக்கத்துக் கடலூரில் வேட்பாளர் தங்கர் பச்சான் கிளி ஜோசியம் பார்த்தார். கிளி சாமி படம் எடுத்தது. வெற்றி உறுதி என்றார் ஜோசியர்! 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். ஜோசியரைப் பிடித்துக்கொண்டு போனது வனத்துறை! தேர்தல் முடிவு? தங்கர் பச்சான் தோற்றார்.

டாரட் பிறந்தது ஜோசியத்துக்கே அல்ல, தெரியுமா?
15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியர் பொழுதுபோக்காக ஆடிய சீட்டாட்டம் அது! மொத்தம் 78 சீட்டு. 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில்தான் குறி சொல்லும் பழக்கம் பரவியது. இன்று உலகமே அறிந்த படங்களை 1909-இல் வரைந்து தந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்!

ஒரே சீட்டு இரண்டு பதிலும் தரும், தெரியுமா?
நேராக விழுந்தால் ‘ஆமா’, தலைகீழாக விழுந்தால் ‘இல்லை’ என்பார் சிலர். படத்தைப் பார்ப்போரும் உண்டு. சூரியன் வந்தால் ‘ஆமா’! இடி விழுந்த கோபுரம் ‘இல்லை’! ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கும் மனிதன் வந்தால்? “கொஞ்சம் பொறு!” அப்படியானால் தலைகீழாக வந்த சூரியன்? ஒரு முறைப்படி ‘இல்லை’, இன்னொரு முறைப்படி ‘ஆமா’! எந்த முறை என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் சீட்டு நம் ஆசைக்குத் தாளம் போடும்.

மூன்று முறை கேட்டால் கணக்கே மாறும், தெரியுமா?
பூ கட்டி மூன்று தடவை பார்த்தால், மூன்றிலும் வெள்ளையே வர 8-இல் 1 வாய்ப்புதான்! ஆனால் வேண்டிய பூ வரும்வரை கேட்பேன் என்றால், எப்படியும் வந்தே தீரும்!

அதனால்தான் கோயிலில் பெரியவர்கள் கண்டிப்பு: “எது வந்தா என்னன்னு மொதல்ல சொல்லு. அப்புறம் புள்ளைய எடுக்கச் சொல்லு!”