நம் பங்கில் இடும் துளை

நீரை இறைவனின் அருட்கொடை எனப் போற்றும் மார்க்கம் இஸ்லாம். ஐவேளைத் தொழுகைக்காக ஒளுச் செய்யும் முஸ்லிம் அந்த அருட்கொடையை நாள்தோறும் கையில் ஏந்துகின்றார். அந்நீர் எங்கே செல்கின்றது, எதைச் சுமந்து செல்கின்றது என்று எண்ணுவோர் சிலரே.

அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடி, கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஊர். கடல் அங்கிருந்து வெகு தொலைவு. ஆயினும் ஆறு தொலைவு பார்ப்பதில்லை. காவிரியின் வெள்ள வடிகாலான கொள்ளிடம், கோடையில் மணல்வெளியாய்க் கிடக்கும். கரையோர ஊர்களில் எறியப்படும் பிளாஸ்டிக் பைகளும் குவளைகளும் அம்மணலிலும் நாணலிலும் தங்கிவிடும். மேட்டூர் நிரம்பி, முக்கொம்பு மேலணையில் உபரி நீர் திறக்கப்பட்டதும், வெள்ளம் அவற்றை வாரிக்கொண்டு அணைக்கரையைக் கடந்து, பழையாற்றின் அருகே வங்கக் கடலில் சேர்க்கின்றது.

அங்கே நிகழ்வது என்ன? சனவரி முதல் மார்ச் வரை அக்கரைகளில் முட்டையிட வரும் பங்குனி ஆமை, மிதக்கும் பையை இழுதுமீன் என்றெண்ணி விழுங்குகின்றது. எஞ்சியவை மக்குவதில்லை; வெயிலிலும் அலையிலும் நொறுங்கித் துகளாகி, மீனின் வயிற்றை அடைகின்றன. கடலிலிருந்து புத்தம் புதிய இறைச்சியை உண்ணத் தருவதைத் தன் அருளாகத் திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயத்தில் இறைவன் நினைவூட்டுகின்றான். அந்த அருளில் நாம் குப்பையைக் கலக்கலாமா?

"என் ஒரு பையால் கடல் கெட்டுவிடுமா?" என்று கேட்போர் உண்டு. இதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய கப்பல் உவமையே தக்க விடை. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் அந்த ஹதீஸ் புகாரியில் உள்ளது. ஒரே கப்பலில் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் பயணம் செய்தனர். தண்ணீருக்காக மேலே சென்று பிறருக்குத் தொல்லை தருவானேன், நம் பங்கிலேயே ஒரு துளை இட்டுக்கொள்வோம் என்று கீழ்த்தளத்தார் கருதினர். மற்றவர் தடுத்தால் அனைவரும் பிழைப்பர். வாளாவிருந்தால் அனைவரும் அழிவர்.

2021ஆம் ஆண்டு கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றி, பிளாஸ்டிக் குருணைகள் கரையில் குவிந்தபோது உலகம் பதறிற்று. நாள்தோறும் நாம் இடும் சிறு துளைகளுக்குப் பதறுவோர் இலர்.

தமிழக அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்துள்ளது. பைகள், குவளைகள், தண்ணீர்ப் பொட்டலங்கள் யாவும் அதில் அடங்கும். ஆயினும் ரமலானில் கொதிக்கும் நோன்புக் கஞ்சி பிளாஸ்டிக் பையில் வாங்கிச் செல்லப்படுவதையும், வலீமா விருந்துக்குப்பின் குவளைகள் குவிந்து கிடப்பதையும் இன்றும் காண்கின்றோம். நன்மை நாடிச் செய்யும் அமலின் மிச்சம் பிறருக்குத் தீங்காகலாமா?

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பது நபிமொழி. அகற்றுவது ஈமான் என்றால், இடையூறைக் கொண்டுபோய்ப் போடுவதை என்னவென்பது?

ஜமாஅத்தார் மனம் வைத்தால் வழி எளிது. கஞ்சிக்குத் தூக்குவாளி கொண்டு வருமாறு ரமலானுக்கு முந்தைய ஜும்ஆவிலேயே அறிவிக்கலாம். பாத்திரம் இல்லாத ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் பள்ளிவாசலே சில வாளிகளை வாங்கி வைக்கலாம். குர்பானி இறைச்சியை ஓலைப் பெட்டியிலோ இலையிலோ வழங்கலாம். விருந்தில் எவர்சில்வர் குவளைகளை வைக்கலாம்.

கடலைக் காணாமலேயே கடலைக் காக்கும் நற்பேறு ஆற்றங்கரை மக்களுக்கு உண்டு. அதை நழுவவிடாதிருக்க வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.