மடிக்கணினி வாங்குமுன் கடைசி எழுத்தைப் பாருங்கள்

பிள்ளை பொறியியலோ கட்டடக்கலையோ கற்கப் பல்கலைக்கழகம் புகுந்துவிட்டால் பெற்றோர் அடையும் பெருமைக்கு அளவில்லை. அப்பெருமையைத் தொடர்ந்து ஒரு பெருஞ்செலவும் வாயிலில் வந்து நிற்கின்றது. வரைபலகையில் படம் வரைந்த காலம் கழிந்தது. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த ஓட்டோகாட் போன்ற மென்பொருள்களே இன்று வரைபலகையாகிவிட்டன. அவற்றை இயக்க மடிக்கணினி வேண்டும். அன்னையின் காப்பை அடகு வைத்தேனும் வாங்கிக் கொடுக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. ஆதலின், கணினியின் மூளையாகிய முறைவழியாக்கியைத் தெரிவதில் நாம் ஏமாறலாகாது.

கோர்கள் எனப்படும் உட்பிரிவுகள் கூடக் கூட வேகமும் கூடும் என்று கடையிற் சொல்வார்கள். இது பாதி உண்மையே. அத்திவாரம் இட்ட பின்பே சுவர் எழும்பும். சுவர் எழுந்த பின்பே கூரை ஏறும். இருபது மேசன்மாரை அழைத்தாலும் கூரையை முதலில் போட முடியுமா? சொலிட்வேர்க்ஸ் முதலியவற்றில் உருவம் அமைக்கும் வேலையும் இத்தகையதே. ஒரு படி முடிந்த பின்னரே அடுத்த படி கணிக்கப்படுவதால், பெரும்பாலும் ஒரு கோரே உழைக்க, ஏனையவை வாளாவிருக்கின்றன. வேலையிற் பாதி இவ்வாறு வரிசையாகவே நடக்கவேண்டியதாயின், எத்தனை கோர்கள் இருப்பினும் வேகம் இருமடங்கைத் தாண்டாது. இவ்வுண்மையை ஜீன் அம்டால் என்னும் அறிஞர் 1967இலேயே எடுத்துக்காட்டினார். எனவே, வரைவோருக்கு முதல் தேவை தனியொரு கோரின் வேகம். ஒளியும் நிழலும் கூடிய மெய்போன்ற படங்களை ஆக்குவோருக்கே கோர்கள் பல இருத்தல் பெரும்பயன் தரும்.

இனி, பெயரிலுள்ள எண்ணைக் கண்டு மயங்குதல் கூடாது. 2023இல் வந்த இன்டெல் முறைவழியாக்கிகள் இரண்டை ஒப்பிடுவோம். 'ஐ7-1355யூ' உச்சத்தில் 5 கிகாஹேர்ட்ஸ் வேகமுடையது, 'ஐ5-13500எச்' 4.7 மட்டுமே. ஏழுதானே சிறந்தது என்று தோன்றும். ஆனால் முன்னதன் அடிப்படை மின்வலு 15 வாற்று; பின்னதற்கோ 45 வாற்று. முன்னதில் விரைவான கோர்கள் இரண்டு, பின்னதில் நான்கு. சிறுபொழுது வரைவதற்கு 'யூ' போதும். மின்கலமும் நெடுநேரம் தாங்கும். மணிக்கணக்கான கடும் உழைப்பிலோ 'எச்' முந்திவிடும். எனினும், வெப்பத்தை வெளியேற்ற வழியற்ற மெல்லிய உடலுக்குள் 'எச்' இருப்பினும் அது சோர்ந்தே போகும்.

ஆகவே, பிள்ளை பயிலப்போகும் மென்பொருள் எதுவென்பதை முதலில் விசாரியுங்கள். சொலிட்வேர்க்ஸ் ஆயின் விண்டோஸ் கணினியே வேண்டும். ஆப்பிள் மடிக்கணினியில் அது நேரடியாக இயங்காது. அடுத்து, பெயரின் இறுதி எழுத்தைப் பாருங்கள். ஒன்பதாம் எண்ணுக்காகக் கொடுக்கும் மிகைப்பணத்தை 16 கிகாபைற் நினைவகத்துக்கும், முப்பரிமாண வேலையாயின் தனி வரைகலை அட்டைக்கும் செலவிடுதல் விவேகம்.

பெட்டியின்மேல் மின்னும் எண் கடையோடு நின்றுவிடும். பிள்ளையோடு நான்கு ஆண்டுகள் உழைக்கப்போவது உள்ளே இருப்பதன்றோ!