ரிசப்ஷனில் சாக்லேட் ஃபவுன்டன்: ஆற்றங்கரைக் காற்றுக்கு செட் ஆகுமா?

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் சுமார் 8 கி.மீ. போனால் நோணாங்குப்பம். சுண்ணாம்பாறு படகுத்துறை இங்கேதான். கடலும் பக்கம் என்பதால் காற்றுக்குக் குறைவில்லை. இங்கே திறந்தவெளி ரிசப்ஷனில் சாக்லேட் ஃபவுன்டன் வைக்கலாமா?

எப்படி இயங்குகிறது?
அடியில் ஹீட்டர், நடுக்குழாயில் சுழலும் திருகு. அது உருகிய சாக்லேட்டை மேலே ஏற்ற, அடுக்கடுக்காக வழிந்து கீழே வரும். அதே சாக்லேட் மறுபடி மேலே போகும்.

எங்கே சொதப்பும்?
காற்றடித்தால் வழியும் சாக்லேட் சிதறி பட்டுப்புடவையில் தெறிக்கும். தூசி, பூச்சியும் விழும். கொஞ்சம் தண்ணீர் கலந்தாலே சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும். தூறலோ, துடைக்காத பழத்தின் ஈரமோ போதும்.

முக்கியமான சிக்கல் எச்சில். ஒரு குழந்தை கடித்த ஸ்ட்ராபெரியை மறுபடி நனைத்தால், சுற்றிவரும் அதே சாக்லேட்தான் அடுத்தவர் தட்டுக்கும் போகும்.

என்ன செய்யலாம்?
ஹாலுக்குள், ஃபேன், ஏசி காற்று நேராகப் படாத இடத்தில் வையுங்கள். நனைத்துக் கொடுக்க ஒருவரை நிறுத்துங்கள். நட்ஸ் கலந்திருந்தால் போர்டில் எழுதுங்கள், அலர்ஜி உள்ளவர்களுக்கு அது அவசியம்.

புல்வெளியில்தான் ரிசப்ஷன் என்றால்? ஃபவுன்டன் வேண்டாம். ஆளுக்கொரு சின்ன கப்பில் உருகிய சாக்லேட் கொடுங்கள். போட்டோவுக்குக் கெத்து கொஞ்சம் குறையும். வயிறும் புடவையும் தப்பிக்கும்.